கருப்புத் திரையில் செல்லாயி

1

ஒளிந்துகொள்ள ஓர் இடம் கிடைத்ததால்தான் இந்தக் கதையை எழுதத் தொடங்கினேன். பதினொன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். நாமக்கல்லில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் பில் அடிக்கிறேன். அங்கே இருக்கும் பழைய கம்ப்யூட்டரில் ரிப்பேர்க் கடை தமீம் அண்ணன் ஒரு டெக்ஸ்ட் எடிட்டர் போட்டுக்கொடுத்தார். அது இரண்டு விதமாகத் திறக்கும். ஜன்னலாகத் திறந்தால் மெனு, மவுஸ், வெள்ளைப் பின்னணி, முழுசான தமிழ். டெர்மினலில் திறந்தால் வெறும் கருப்புத் திரை, கீபோர்டு மட்டும்தான். கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாக எழுத்து சிதறிக் கிடக்கும். பழகினால் படிக்கலாம். நான் பழகிக்கொண்டேன்.

(என் முதுகுக்குப் பின்னால்தான் டிரைவர்கள் உட்காரும் பெஞ்சு. இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்தானே?)

2

முதல் தொடக்கம்: "செல்லாயி லாரி ஓட்டுவாள் என்று யாரும்

வேண்டாம். நாடகம் மாதிரி இருக்கிறது.

இரண்டாவது: "முட்டை லோடு ஏற்றிக்கொண்டு செல்லாயி எருமப்பட்டியிலிருந்து பெங்களூருக்குப் புறப்பட்டாள்."

இது இருக்கட்டும். ஆனால் அவளை என்னால் இன்னும் முழுதாக நம்ப முடியவில்லை. யாருக்கும் பயப்படாத ஒருத்தியை நான் பார்த்ததேயில்லை.

"கருப்பா என்னமோ ஓடுதே, என்ன அம்மிணி?" டிரைவர் தீர்த்தகிரி அண்ணன் கேட்டார்.

"ரிப்பேருங்க."

"தெனமுமா? எங்க வண்டியே தேவலாம் போல."

3

ஒருநாள் தீர்த்தகிரி அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்தே வந்துவிட்டார். பயத்தில் கருப்புத் திரையைப் படக்கென்று மூடினேன். ஜன்னலாக இருந்தால் 'சேமிக்கவா?' என்று கேட்டிருக்கும். இது கேட்கவில்லை. அதுவரை எழுதியது அத்தனையும்

(இந்த வாக்கியத்தை முடிக்க இப்போதும் மனம் வரவில்லை.)

நான் அழுவதைப் பார்த்துப் பதறி, தீர்த்தகிரி அண்ணனே தமீம் அண்ணனுக்குப் போன் போட்டார்.

"எடிட்டரே தனியா ஒரு காப்பி வெச்சிருக்கும்மா, அழுவாதே." தமீம் அண்ணன் வந்து, தேடி, கண்டுபிடித்தார். "ஆனா இந்தக் கருப்புல இருக்கறத மனுசன் படிப்பானா?"

நான் தடுப்பதற்குள் கதையை ஜன்னலில் திறந்து, எழுத்தையும் பெரிசாக்கிவிட்டார். பெஞ்சிலிருந்த எல்லாரும் எழுந்து வந்து படித்தார்கள். மேசைக்கடியில் இடம் இருக்கிறதா என்று பார்த்தேன்.

4

"ஏனம்மிணி, இதென்ன அநியாயம்!" தீர்த்தகிரி அண்ணன் கத்தினார். "டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வெக்காம வண்டிய எடுத்துட்டா!"

"முட்ட லோட வெச்சுக்கிட்டு இப்பிடியா பிரேக் அடிப்பாங்க?" என்றார் இன்னொரு டிரைவர் தங்கசாமி அண்ணன். "பெங்களூருக்கு ஆம்லெட்டுதான் போய்ச் சேரும்."

"மொதல்ல பழத்த வெச்சு எழுது அம்மிணி. அந்தப் புள்ள பத்திரமா போகோணுமில்ல?" என்றார் தீர்த்தகிரி அண்ணன்.

யாரும் கேலி செய்யவில்லை. என்னை ஒருவருமே பார்க்கவில்லை. எல்லாரும் செல்லாயியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது.

(பழம் வைத்துவிட்டேன். பிரேக்கையும் மெதுவாக்கிவிட்டேன்.)

5

இப்போது ஜன்னலில்தான் எழுதுகிறேன். முடிவில்தான் சண்டை. செல்லாயி தொப்பூர் மேட்டில் ஏறிக்கொண்டிருக்கிறாள். முன்னால் ஒரு டிரெய்லர் ஊர்கிறது. அதை முந்தச் சொல்கிறார் தீர்த்தகிரி அண்ணன். ஓரங்கட்டி டீ குடிக்கச் சொல்கிறார் தங்கசாமி அண்ணன். தமீம் அண்ணன் அவளுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கித் தரச் சொல்கிறார்.

எனக்கு மூன்றும் பிடித்திருக்கிறது. அதனால் முடிக்கமாட்டேன். நீங்கள் எழுதுங்கள். செல்லாயி கியரில் கை வைத்துக் காத்திருக்கிறாள். எந்தக் கியர் என்று மட்டும் யோசித்துப் போடுங்கள். தீர்த்தகிரி அண்ணன் படிப்பார்.