குழாயக்காவின் தகுதிச் சான்றிதழ்

நாற்பத்தாறு வயதில் சிரப் சிஸ்டர் மறுபடியும் படிக்கப் போகிறாள் என்ற செய்தி வீட்டில் வெடித்தபோது முதலில் சிரித்தது அவளுடைய நாத்தனார்தான்.

"ஏன் அண்ணி, நோயாளிங்களை எல்லாம் விட்டுட்டு, நல்லா நடமாடிட்டு இருக்கறவங்களைப் பாக்கற படிப்பாமே? அதுக்கு ஒரு வருஷமா! நானும் நல்லாத்தான் இருக்கேன், என்னைப் பாத்தே மார்க் வாங்கிக்கோங்க."

கணவர் செய்தித்தாளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். அவர் பேருந்து ஓட்டுநர். இருபது வருடமாக இடுப்பு வலி. அந்த வலிக்கும் அவர் நாள் முழுக்க உட்காரும் இருக்கைக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்குமோ என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றியதில்லை, நர்சான சிஸ்டர் உட்பட. இருக்கட்டும், அது வேறு கதை.

சிரப் சிஸ்டர் என்ற பெயர் சும்மா வந்துவிடவில்லை. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், அங்கே வேலை பார்ப்பவர்களுக்கென்றே இருந்த சின்ன சிகிச்சை அறையில் அவள் பதினோரு வருடம் உட்கார்ந்திருந்தாள். இருமல் என்று வந்தால் சிரப். தலைவலி என்று வந்தால் மாத்திரை. தோளைத் தட்டி, "போய்ட்டு வாங்க, சரியாயிடும்" என்று ஒரு வார்த்தை. ஆட்களும் சந்தோஷமாகத்தான் போனார்கள். மறுபடியும் வந்தார்கள். எதற்கு மறுபடியும் வருகிறார்கள் என்று அவள் யோசிக்கவில்லை. வரிசை அவ்வளவு நீளம்.

அந்த ஆஸ்பத்திரியிலேயே, செய்கிற வேலையால் வரும் நோய்களைப் பார்க்கும் தொழில்சார் மருத்துவத்துக்குச் சிறப்புப் பயிற்சி தொடங்கினார்கள். ஆறு டாக்டர்கள், ஆறு நர்சுகள், எல்லாருக்கும் ஒரே வகுப்பு. பன்னிரண்டு பேரில் சிஸ்டர்தான் வயதில் மூத்தவள். துறைத் தலைவியான டாக்டரம்மாவே அவளைவிட ஐந்து வயது சின்னவள். ஆனால் ஆள் நெருப்பு. நோயாளித் தாளில் 'தொழில்' என்ற கட்டத்தில் ஒரே ஒரு சொல் இருந்தால் தாளைத் திருப்பி விசிறிவிடுவாள்.

"ஆலைத் தொழிலாளின்னு எழுதியிருக்கீங்க. ஆலைங்கறது கட்டடம். அதுக்குள்ள இந்த ஆளோட கை என்ன பண்ணுது? மூக்குக்கு எதிர்ல என்ன இருக்கு? காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் கேட்டு எழுதுங்க."

சிஸ்டர் முதல் மாதம் நன்றாக மூக்குடைபட்டாள். வார்ப்பட ஆலைக்குப் போய், வேலை முடிந்து வெளியே வந்த ஒன்பது பேரை வரிசையாக உட்கார வைத்துக் காது சோதனை செய்து, ஒன்பது பேருக்கும் காது போச்சு என்று எழுதிக்கொண்டு வந்து நின்றாள். நாள் முழுக்க இரைச்சலில் நின்ற காது கொஞ்ச நேரம் மந்தமாகத்தான் இருக்கும், வேலைக்குப் போகும் முன்னால் சோதிக்க வேண்டும் என்பது பாடத்தின் முதல் பக்கத்திலேயே இருந்தது. மறுநாள் விடியக்காலையில் போய் அத்தனை பேரையும் மறுபடி சோதித்தாள். ஐந்து பேருக்குக் காது திரும்பி வந்துவிட்டது. சின்ன டாக்டர் பையன்கள் ஒரு வாரம் அவளிடம் சத்தமாகவே பேசினார்கள், காது கேட்காதவளிடம் பேசுவது போல. அவளும் விடவில்லை. "என்னப்பா? என்னது?" என்று காதைக் குவித்துக் காட்டி அவர்கள் வாயை அடைத்தாள்.

பயிற்சி முடிய இரண்டு மாதம் இருக்கும்போது, ஒவ்வொருவரும் தனியாக ஒரு பணித்தகுதி அறிக்கை தயாரிக்க வேண்டும் என்றார்கள். சிஸ்டருக்கு வந்த உறையைப் பிரித்தால், உள்ளே இருந்தது குழாயக்கா.

குழாயக்காவைத் தெரியாதவர்கள் அந்த ஆஸ்பத்திரியில் கிடையாது. வயிற்றுக்குள் விட்டுப் பார்க்கிற நீளக் குழாய்களைக் கழுவிக் கிருமி நீக்குபவள் என்பதால் அந்தப் பெயர். வாயைத் திறந்தால் கேலிதான். ஆனால் இரண்டு வருடமாக அவள் சிரித்தால் பாதியிலேயே இருமல் வந்து சிரிப்பைப் பிடுங்கிக்கொள்ளும்.

நிர்வாக அதிகாரி எழுதிய கடிதம் நாலே வரி. ஓயாத இருமல், அடிக்கடி விடுப்பு. இவர் பணிக்குத் தகுதியா, தகுதியில்லையா? அடுத்த மாதக் கடைசிக்குள் பதில் தேவை.

கடிதத்தைப் பார்த்ததுமே சிஸ்டருக்குப் புரிந்துவிட்டது. தகுதியில்லை என்று எழுதினால் குழாயக்கா வீட்டுக்குப் போக வேண்டியதுதான். தகுதி என்று எழுதினால் அதே அறை, அதே இருமல். அடுத்த விடுப்பு ஒழுங்கீனம் ஆகிவிடும், அப்போதும் வீட்டுக்குத்தான். எந்தப் பக்கம் பேனாவை வைத்தாலும் அந்தப் பெண்ணின் பிழைப்பில்தான் விழும்.

"என்ன சிஸ்டர், நீங்களே என்னை வீட்டுக்கு அனுப்பப் போறீங்களா?" என்று கேட்டுக்கொண்டே வந்து உட்கார்ந்தாள் குழாயக்கா. சிரித்தாள், இருமினாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வீட்டுக்காரருக்கு வேலை நின்னு எட்டு மாசமாச்சு. பெரியவ காலேஜ்ல சேர்ந்துட்டா. அதையும் சேத்து எழுதிக்கோங்க."

நெஞ்சுப் படம் சுத்தம். சளியில் ஒன்றும் இல்லை. ஊதிப் பார்க்கும் சோதனையும் சரி. எல்லாம் சரியாக இருக்கிற ஒருத்தி ஏன் இப்படி இருமுகிறாள்? பாடத்தில் படித்த கேள்வியை சிஸ்டர் கேட்டாள்.

"லீவு நாள்ல எப்படி இருக்கு?"

"அன்னிக்கும் இப்படித்தான்."

அதோடு விட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். பழைய சிரப் சிஸ்டர் விட்டிருப்பாள். ஆனால் வார்ப்பட ஆலையில் பட்ட அவமானம் இருக்கிறதே, அது விடவில்லை. காதுக்கே ஒரு ராத்திரி முழுக்க ஓய்வு வேண்டியிருந்தது, நெஞ்சுக்கு ஒரு நாள் லீவு எப்படிப் போதும்?

"நீளமா எப்பவாவது லீவு எடுத்தீங்களா?"

குழாயக்கா கூரையைப் பார்த்தாள். "தங்கச்சி பிரசவத்துக்குப் போயிருந்தேன், பன்னெண்டு நாள். அட, ஆமா சிஸ்டர். அங்க முதல் மூணு நாளோட இருமல் நின்னுடுச்சு! குழந்தை தூங்குது, இருமிடக்கூடாதுன்னு பயந்துட்டே போனேன். அதுக்கப்புறம் ஒரு தடவை கூட இருமல."

சிஸ்டர் எழுந்து பழைய சிகிச்சை அறைக்கு ஓடினாள். அலமாரியில் தன் கையால் எழுதிய பதிவேடுகளை எடுத்துப் புரட்டினாள். குழாயக்காவின் பெயர் ஆறு இடத்தில் இருந்தது. ஆறிலும் ஒரே வரி: 'இருமல். சிரப் கொடுக்கப்பட்டது. தொழில்: ஆஸ்பத்திரி.'

ஆஸ்பத்திரி! வெளியிலிருந்து வருகிற கொத்தனாரிடமும் அச்சகக்காரரிடமும் குடைந்து குடைந்து கேட்பவள், தன்னைப் போலவே சீருடை போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்த பெண்ணிடம் நீ என்ன வேலை செய்கிறாய் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. தெரிந்ததுதானே என்று இருந்துவிட்டாள். அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அந்த அறையிலேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வேலையைப் பார்க்கக் கிளம்பினாள்.

குழாயக்காவை நெஞ்சு மருத்துவரிடம் அழைத்துப் போனாள். அவர் மூச்சு முட்டினால் இழுத்துக்கொள்ள ஒரு மருந்தைக் கையில் கொடுத்து, ஊதினால் மூச்சின் வேகத்தை முள் நகர்ந்து எண்ணில் காட்டும் சின்னக் கருவி ஒன்றையும் கொடுத்தார். விழித்திருக்கும் நேரமெல்லாம் இரண்டு மணிக்கொரு தரம் ஊதி எழுத வேண்டும். இரண்டு வாரம் வேலையில், அடுத்த இரண்டு வாரம் விடுப்பில். அந்த விடுப்புக்குச் சிஸ்டர் நிர்வாக அதிகாரியின் மேசை முன்னால் மூன்று தடவை போய் நின்றாள்.

"அவ லீவு எடுக்கறதுதாம்மா பிரச்சனையே. நீங்க இன்னும் லீவு கேக்கறீங்களே!"

"இந்த ஒரு தடவை குடுங்க சார். இதுக்கப்புறம் நீங்களே கேக்க மாட்டீங்க."

குழாயக்கா எழுதினாள், பாவம், ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை. வேலை நாட்களில் காலையில் முந்நூற்று எழுபதில் தொடங்கும் எண், சாயங்காலம் இருநூற்று எண்பதுக்கு இறங்கியது. வாரத்தின் கடைசி வேலை நாளில் இன்னும் கீழே. விடுப்பில் நாலாவது நாளிலிருந்து ஏறத் தொடங்கி, நானூறில் போய் நின்று அசையவில்லை. வரைபடத்தாளில் புள்ளிகளைக் கோடாக இழுத்தபோது சிஸ்டர் நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டாள். தாங்க முடியாத சந்தோஷம். ஆமாம், சந்தோஷம்தான், ஒரு ஆளின் இருமல் எங்கே தொடங்குகிறது என்று வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் கண்ணால் பார்த்தாள்.

இனி அந்த அறையைப் பார்க்க வேண்டும். டாக்டரம்மாவையும் நிர்வாக அதிகாரியையும் சேர்த்தே அடித்தளத்துக்கு அழைத்துப் போனாள். ஜன்னல் இல்லாத அறை. இரண்டு தொட்டிகள். ஒன்றில் சோப்புத் தண்ணீர், இன்னொன்றில் கிருமி கொல்லும் மருந்து நீர். வாசம் மூக்கைத் துளைத்தது.

"காத்து இழுக்கற விசிறி புதுசா போட்டிருக்கோம்," என்றார் அதிகாரி, பெருமையாகக் கூரையைக் காட்டி. நிஜம்தான். மருந்துத் தொட்டிக்கு நேர் மேலே விசிறி ஜோராகச் சுற்றிக்கொண்டிருந்தது.

சிஸ்டர் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க உதவும் புகைக் குப்பி ஒன்றைப் பையிலிருந்து எடுத்தாள். குழாயக்கா நிற்கும் இடத்தில் தானே போய் நின்று, அவள் குனிவது போலத் தொட்டிமேல் குனிந்து, தண்ணீர் மட்டத்தில் குப்பியை ஒரு அமுக்கு அமுக்கினாள். வெள்ளைப் புகை மெல்ல எழுந்தது. நேராக அவள் முகத்துக்கு வந்தது. மூக்கையும் வாயையும் தடவிக்கொண்டு, நெற்றியைத் தாண்டி, அதற்கப்புறம்தான் விசிறிக்குப் போய்ச் சேர்ந்தது. சிஸ்டர் இருமினாள்.

"பாத்தீங்களா சார்? விசிறி நல்லாத்தான் இழுக்குது. ஆனா எல்லாத்தையும் இவங்க மூஞ்சி வழியா இழுக்குது."

அதிகாரி கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார்.

கெடு வைத்த மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை, துறை அறையில் எல்லாரும் கூடினார்கள். சிஸ்டரின் வகுப்புத் தோழர்கள் பதினோரு பேரும் சுவரோரம் நின்றார்கள். இரண்டு வார விடுப்பு இன்னும் முடியாத குழாயக்கா வெளியே பெஞ்சில் காத்திருந்தாள். அறிக்கை பதினாலு பக்கம். முதல் இணைப்பு, சிஸ்டரின் சொந்தக் கையெழுத்தில் இருந்த ஆறு சிரப் வரிகள்.

"இதை நீங்க வெக்காமலே இருந்திருக்கலாமே," என்றாள் டாக்டரம்மா.

"இல்ல மேடம். ஆறு தடவை கதவைத் தட்டியிருக்காங்க. தட்டினது கேக்காதது என் தப்பு. அதுவும் இதுல இருக்கணும்."

டாக்டரம்மா தலையாட்டிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினாள்.

அதிகாரிக்கு அவசரம். "எல்லாம் சரிம்மா. எனக்கு இந்தப் படிவத்துல ஒரே வார்த்தை போதும். தகுதியா, தகுதியில்லையா? ஒண்ணை அடிச்சுட்டு ஒண்ணை விடுங்க."

சிஸ்டர் படிவத்தை வாங்கினாள். இரண்டு சொற்களும் பக்கத்தில் பக்கத்தில் அச்சாகி இருந்தன. அவள் இரண்டையும் அடிக்கவில்லை. 'தகுதி' என்பதற்கு முன்னால் 'ஆள்' என்று எழுதினாள். 'தகுதியில்லை' என்பதற்கு முன்னால் 'அறை' என்று எழுதினாள். கீழே விவரம்: அறையை உடனே மூட வேண்டும், மூடி போட்டுக் கழுவும் இயந்திரம் வரும்வரை அங்கே யாரும் குனியக்கூடாது, இந்த ஊழியருக்கு மருந்து நீரின் வாடையே படாத இடத்தில், சம்பளமும் பதவியும் குறையாமல், வேலை தர வேண்டும்.

அதிகாரி படித்தார். மறுபடியும் படித்தார். "படிவத்துல இப்படி எழுத இடமே இல்லையேம்மா."

"எழுதிட்டாங்களே, இடம் இருக்கே," என்று சொல்லிக்கொண்டே டாக்டரம்மா பேனாவைத் திறந்து, சிஸ்டரின் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டு, முத்திரையை ஓங்கிக் குத்தினாள். சுவரோரம் நின்ற சின்ன டாக்டர் பையன் ஒருவன் அடக்க முடியாமல் கை தட்டிவிட்டான். மற்றவர்களும் தட்டினார்கள். அதிகாரி எல்லாரையும் முறைத்தார். ஆனால் தாளைக் கிழிக்கவில்லை, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "மருந்து நீரே இல்லாத கருவி அடுக்கற அறையில ஆள் தேவைன்னு கேட்டுட்டே இருக்காங்க, திங்கட்கிழமை அங்க போகச் சொல்லுங்க" என்றார்.

சிஸ்டர் நகலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். நெஞ்சு நிமிர்ந்திருந்தது, மறைக்கவில்லை. குழாயக்கா எழுந்து நின்றாள். கையை நீட்டவில்லை.

"என்ன எழுதினீங்க சிஸ்டர்? தகுதியா, இல்லையா?"

"நீங்களே படிங்க."

குழாயக்கா எழுத்துக்கூட்டிப் படித்தாள். 'ஆள் தகுதி' என்ற இடத்தில் விரலை வைத்து இரண்டு தடவை படித்தாள். பிறகு மேலே போனாள், 'தொழில்' என்ற கட்டத்துக்கு. அதில் ஒரு சொல் இல்லை, ஐந்து வரி இருந்தது. நாளொன்றுக்கு இருபத்தாறு குழாய்கள். ஒவ்வொன்றையும் ஊறவைத்து, உள்ளே தூரிகை விட்டுத் தேய்த்து, அலசி, மருந்து நீரில் முக்கி, மறுபடி அலசி, காற்றடித்து உலர்த்தி, ஓட்டை இருக்கிறதா என்று சோதித்துத் தருபவர். பதினேழு வருடமாக இந்த ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளிக்கும் அழுக்குக் குழாய் போகாமல் காத்தவர்.

"இருபத்தாறா? நான் எண்ணினதே இல்ல சிஸ்டர்."

"நான் ரெண்டு நாள் நின்னு எண்ணினேன்."

"எனக்குக் குழாயக்கான்னு பேர் வெச்சவங்க ஒருத்தர்கூட எண்ணலையே!" என்று சொல்லிவிட்டுக் குழாயக்கா சிரித்தாள். பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். சிஸ்டர் பழக்கத்தில் இருமலுக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை. சிரிப்பு முழுசாக வந்து, தானாகவே முடிந்தது.