மஞ்சள் தாளில் வட்டங்கள்

...சும்மாப்பா, என்றுதான் சொன்னாள், சும்மா என்பதும் ஒரு விடையா, இருபது ஆண்டுகளாகத் தேர்வுத் துறையில் பிறருடைய விடைத்தாள்களை வெளிச்சத்தின் பக்கம் சற்றே சாய்த்துப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவன் நான், மாணவர்கள் தங்களை அடையாளம் காட்டும் குறி எதையாவது தாளில் இட்டிருக்கிறார்களா என்று கண்டறிவதற்குத்தான் எனக்குச் சம்பளம், ஓரத்தில் ஒரு நட்சத்திரம், கடைசி வரியின் கீழே தேவையில்லாத ஓர் இரட்டைக் கோடு, எதுவும் சும்மா வந்து விழுந்ததாக இதுவரை நான் கண்டதில்லை... அப்படிப்பட்டவனின் மகள், பன்னிரண்டு வயது, சதுரங்கப் போட்டியில் தன் நகர்வுகளை எழுதிக்கொள்ளும் தாளின் ஓரத்தில் கடுகளவு வட்டங்களை வரைந்துவைத்துவிட்டு, ஏன் என்று தலைமை நடுவர் கேட்டால் சும்மா என்கிறாள், நான் கேட்டால் அதனோடு ஓர் அப்பாவைச் சேர்த்துக்கொள்கிறாள். நடுவர் பொல்லாதவர் அல்லர், குரலைத் தாழ்த்தித்தான் பேசினார், "சார், தப்பா எடுத்துக்காதீங்க, தாள்ல நகர்வைத் தவிர வேற எதையும் எழுதக்கூடாது, இவ வட்டம் வட்டமா போட்டு வெச்சிருக்கா, வெளியிலேர்ந்து யாராவது சைகை காட்டறாங்களோன்னு ஒரு பேச்சு வந்துடுச்சு, கடைசிச் சுற்று முடிஞ்சதும் ரெண்டு பேரும் மேசைக்கு வாங்க, சரியான விளக்கம் இல்லேன்னா இந்தப் போட்டியோட புள்ளி எல்லாம் போயிடும், சங்கத்துக்கும் எழுதியாகணும்." விளக்கம்... என் அலுவலகப் படிவத்தின் எட்டாவது கட்டம் அதற்கென்றே ஒதுக்கப்பட்டது, அதை ஆயிரம் முறையாவது நிரப்பியிருப்பேன், மேசையின் மறுபக்கத்தில் நின்று அந்தச் சொல்லைக் கேட்டது இதுவே முதல் தடவை.

கடைசிச் சுற்று பத்து மணிக்குத் தொடங்கிவிட்டது, பெற்றோருக்கு இம்முறை ஒதுக்கியிருப்பது கல்லூரியின் வேதியியல் ஆய்வுக்கூடம், வரிசை வரிசையாகக் கழுவுதொட்டிகள், சொட்டும் ஒரு குழாய், எதையும் தொடாதீர்கள் என்ற பலகை, எதிரே நடைவழி, நடைவழியின் கோடியில் ஆட்டக்கூடத்தின் கதவு, கதவில் ஒரு முழ நீளத்துக்குக் கண்ணாடி, பெற்றோர் அந்தக் கண்ணாடிவரை போகலாம், அதற்கு அப்பால் இல்லை. இந்த ஓர் ஆண்டில் பதினொரு ஊர்களுக்குப் போய்வந்திருக்கிறோம், ஊர் சுற்றும் அப்பாவும் பெண்ணும் என்று மனைவி கேலி செய்கிறாள், ஆனால் நான் பார்த்தவை ஊர்களா, பதினொரு காத்திருப்பு அறைகள், மழை ஓயாத ஊரில் இறகுப்பந்து மைதானம், மலையூரில் பள்ளி நூலகம், பிறகு ஏதோ ஓர் ஊரில் பயன்படாத நீச்சல் குளத்தின் வறண்ட படிக்கட்டு... எல்லா அறையிலும் இதே முகங்கள், இதே பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒருவர் குறுக்கெழுத்துப் புதிர் போட்டுக்கொண்டே இருமுவார், அவருக்குக் குறுக்கெழுத்து என்றே பெயராகிவிட்டது, குரோஷா அக்கா கொக்கி ஊசியும் நூலுமாக ஓர் ஆண்டாக முடிவே இல்லாத ஒரு போர்வையைப் பின்னிக்கொண்டிருக்கிறார், அவருடைய மகளும் என் மகளும் ஒரே வயதுப் பிரிவு... ஒரே வயதுப் பிரிவு. இன்று காலை அந்தச் சொற்றொடர் ஏன் இத்தனை கனமாகத் தோன்றுகிறது, அக்கா எப்போதும் கண்ணாடி தெரியும் பக்கமாகவே ஏன் நாற்காலியைப் போட்டுக்கொள்கிறார், சிவப்பு நூலிலிருந்து பச்சைக்கு மாறும் கணத்தை யார் தீர்மானிக்கிறார்கள், குறுக்கெழுத்தின் இருமல் சில சமயம் இரட்டையாகவும் சில சமயம் ஒற்றையாகவும் வருகிறதே, இரண்டு இருமினால் குதிரை, ஒன்றுக்கு யானையா... அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், இருக்கட்டும், ஆனால் இருட்டில் ஒரு பேய்கூட இல்லை என்று யார் சான்றிதழ் கொடுத்தார்கள்.

மனைவியைத் தொலைபேசியில் அழைத்திருக்கவே கூடாது. "அவளா, கள்ளாட்டமா, லூடோல நான் ஒரு கட்டம் தள்ளி வெச்சாலே ஊரைக் கூட்டறவ அவ, அந்த ஆபீஸ் கண்ணை ஆபீஸ்லயே கழட்டி வெச்சுட்டு வாங்கன்னு எத்தனை தடவை சொல்றது உங்களுக்கு?" என்றாள், கழற்றி வைக்க அது என்ன மூக்குக்கண்ணாடியா, பிறகு அவளே குரல் இறங்கி, "பாவம், பயந்திருப்பா, பக்கத்துல இருங்க" என்றாள். பக்கத்தில்தான் இருக்கிறேன், ஓர் ஆண்டாக வேறு எங்கே இருந்தேன். மடியில் கோப்பு, அதில் இந்த ஆண்டு அவள் ஆடிய ஆட்டங்கள் அனைத்தின் கார்பன் பிரதிகள், மஞ்சள் தாள்கள், ஊர்வாரியாக, தேதிவாரியாக நானே அடுக்கியவை, அடுக்கும்போது முடிவை மட்டும் பார்த்தேன், ஓரத்தைப் பார்க்கவில்லை, விடைத்தாளின் ஓரத்தைத் தவிர வேறெதையும் பார்க்காதவன் சொந்த மகளின் தாளில் ஓரத்தைப் பார்க்கவில்லை! இப்போது பார்க்கிறேன், வட்டங்கள் இந்தப் போட்டியில் தொடங்கியவை அல்ல, மழையூரிலேயே இருக்கின்றன, மலையூரில் இருக்கின்றன, சில தாள்களில் மூன்று, சிலவற்றில் ஆறு, மூன்றாவது விரலால் பேனாவை அழுத்தும் அவளுடைய அதே அழுத்தம், ஐயமே இல்லை. ஆக ஓர் ஆண்டாகவே நடக்கிறது. யார், எங்கிருந்து, எனக்குத் தெரியாமல்... ஆனால் இங்கே ஒன்று இடிக்கிறது, தாள்களில் பயிற்சியாளர் சிவப்பு மையால் மோசமான நகர்வுகளுக்கெல்லாம் கேள்விக்குறி போட்டிருக்கிறார், வட்டத்துக்கு அடுத்த நகர்வைப் பார்த்தால் கேள்விக்குறி, அடுத்த வட்டம், அதற்கடுத்த நகர்விலும் கேள்விக்குறி, உதவி வாங்கி ஆடுகிறவள் உதவி வந்த மறுகணமே சறுக்குவாளா, அப்படியானால் அவளுக்கு வந்துகொண்டிருந்தது என்ன?

"என்ன தம்பி, இன்னைக்குப் படம் வரையலையா, நோட்டு மூடியே கிடக்கு?" குரோஷா அக்காதான், ஊசி நிற்கவில்லை, கண் மட்டும் என் மடிக்கு வந்துவிட்டது, எதற்குக் கேட்கிறார், தலைமை நடுவர் பேசியது காதில் விழுந்திருக்குமோ, மனசு சரியில்லை அக்கா என்றேன். "கடைசிச் சுற்றுன்னா அப்படித்தான். ஆனா நீங்க உட்கார்ந்தே இருக்கறதுதான் அதிசயம், ஒரு படம் முடிஞ்சா ஒரு ஓட்டம் ஓடுவீங்களே கதவுக்கு, கடிகாரத்துக்குள்ளேர்ந்து எட்டிப் பாக்கற குயில் மாதிரி, நாங்க உங்களை வெச்சுத்தான் மணியே பாக்கறது." குறுக்கெழுத்தும் தலைநிமிராமல் சிரித்தார், "மூணு எழுத்து, அடிக்கடி எட்டிப் பார்ப்பது... அப்பா." நானும் சிரித்துவைத்தேன். அது நானே எனக்கு விதித்துக்கொண்ட கட்டுப்பாடு, மழையூரில் முதல் நாள் முழுவதும் கண்ணாடியை விட்டு நகராமல் நின்று ஒரு தொண்டரிடம் திட்டு வாங்கிய பிறகு, பொழுதுபோக்காக ஒரு படநோட்டு வாங்கினேன், ஒரு படம் வரைந்து முடித்தால் ஒருமுறை எட்டிப் பார்க்கலாம், அலுவலகப் பழக்கத்தில் ஒவ்வொரு படத்தின் கீழும் தேதியும் நேரமும்... தேதியும் நேரமும். நோட்டைத் திறந்தேன். மழையூர், இரண்டாம் நாள் காலை, வலைக்கம்பம், தண்ணீர்த் தொட்டி, ஒரு குடைக் குவியல், யாருடைய செருப்போ, நான்கு படங்கள், அதே நாளின் மஞ்சள் தாளில் நான்கு வட்டங்கள். தற்செயல். மலையூர், நூலகப் பலகணியிலிருந்து ஆறு படங்கள், வட்டங்களும் ஆறு. வறண்ட நீச்சல் குளத்தில் மூன்று, மூன்று. ஒவ்வொரு தாளாக ஒவ்வொரு பக்கமாக ஒத்துப்பார்த்தேன், பார்த்தவரை எங்கும் ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. சைகை காட்டிய ஆள் அகப்பட்டுவிட்டான். நான் கண்ணாடிக்கு வந்த ஒவ்வொரு முறையும் அவள் ஒரு வட்டம் போட்டிருக்கிறாள், ஒவ்வொரு வட்டத்துக்குப் பின்னும் ஒரு காயைத் தவறவிட்டிருக்கிறாள், ஓர் ஆண்டாக நான் அவளைக் கண்காணித்தேன், அவள் என்னைப் பதிவு செய்திருக்கிறாள், தேர்வு அதிகாரியின் மகள்தான், ஐயமென்ன.

முதலில் வந்தது நிம்மதி என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும், அவள் கள்ளி அல்லள், விளக்கம் இதோ என் கையிலேயே இருக்கிறது, தேதியோடு, நேரத்தோடு, எந்தத் துறையும் ஏற்கக்கூடிய சான்று, வட்டங்கள் எனக்கானவை, நடுவர் அவர்களே, குற்றவாளி ஒரு தந்தை, வெட்கம் பிறகு வரட்டும்... நாற்காலியைத் தூக்கிக் கழுவுதொட்டிகளைப் பார்த்துப் போட்டுக்கொண்டேன், கண்ணாடிக்கு முதுகு காட்டி, இன்று எழப்போவதில்லை, ஒருமுறைகூட. சொட்டும் குழாயை எண்ணிக்கொண்டே மீதித் தாள்களைப் புரட்டியபோதுதான் அந்தக் கடலோர ஊர் வந்தது, ஐந்தாம் சுற்று, மஞ்சள் தாளில் எட்டு வட்டங்கள், ஆண்டிலேயே மிக அதிகம், வெல்லவேண்டிய ஆட்டம், தோல்வி. நோட்டில் அந்த நாளுக்கு ஒரே படம். கலங்கரை விளக்கம். ஆம், அன்று நான் அங்கே இல்லை, இத்தனை தூரம் வந்து கடலைப் பார்க்காமலா போவீங்க தம்பி என்று இதே அக்கா துரத்தியதால் முதல் நகர்வு ஆடப்பட்டதுமே வெளியேறி, மூன்று மணி நேரம் கடற்கரையில் இருந்து, விளக்கத்தை வரைந்து, காற்றில் தாளைப் பறக்கவிட்டுத் துரத்திப் பிடித்து, பல மாதங்களுக்குப் பிறகு மூச்சு முழுமையாக உள்ளே போய்வந்ததை உணர்ந்து, ஆட்டம் முடிகிற நேரத்துக்குத்தான் திரும்பினேன். அவள் வெளியே வந்து, "இன்னைக்கு ரொம்ப தடவை வந்துட்டீங்கப்பா" என்றாள். அப்போது எனக்கு என்ன தோன்றியது, அதையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும், நான் வெளியே போனதை யாரோ சொல்லிவிட்டார்கள், போட்டு வாங்குகிறாள் என்றே தோன்றியது, அதனால் முந்திக்கொண்டேன், "ஆமாம்மா, என்ன பண்றது, மனசு கேக்கல" என்றேன். அவள் தலையாட்டினாள். எட்டு முறை. கண்ணாடிக்கு அப்பால் வெறும் நடைவழி இருந்த இடத்தில் எட்டு முறை என்னைப் பார்த்திருக்கிறாள், அப்படிப் பார்த்தது சரிதான் என்று நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

இந்த ஒரு தாள் இருக்கும்வரை என் விளக்கம் நிற்காது, எல்லா நாளும் ஒத்துப்போய் ஒரே நாள் ஒத்துப்போகாவிட்டால் அந்த ஒரு நாளைத்தான் நானே பிடித்துக்கொள்வேன், எந்த நடுவரும் பிடித்துக்கொள்வார். எடுத்துவிடலாம். யார் கேட்கப்போகிறார்கள், நடுவரிடம் இருப்பது இந்தப் போட்டியின் தாள்கள் மட்டுமே, கோப்பு என்னுடையது, ஒரு மஞ்சள் தாளை நான்காக மடித்தால் சட்டைப்பைக்குள் அடங்கிவிடும், அடங்கியும்விட்டது, எப்போது மடித்தேன்... வேலியே பயிரை மேய்வது இப்படித்தான் தொடங்கும்போலும், இவ்வளவு ஓசையில்லாமல். சென்ற தேர்வில் ஒரு பெண், பக்கத்துக்கு ஒரு பட்டம், சின்னப் பட்டம், வால்கூட உண்டு, விடைத்தாளின் வலது மூலையில் வரைந்திருந்தாள், நான்தான் கண்டுபிடித்தேன், விசாரணையில், "அதை வரைஞ்சா பயம் போயிடும் சார்" என்றாள், அவளுடைய தாயார் கதவருகே நின்றுகொண்டிருந்தார், நான் எட்டாவது கட்டத்தில் விளக்கம் ஏற்கத்தக்கதன்று என்று எழுதினேன், என் கையெழுத்து அழகாக இருக்கும், எல்லாரும் சொல்வார்கள். தாள் ரத்தானது. அந்தப் பெண் மறுபடி எழுதினாளா, தெரியாது, அது என் பிரிவு அல்ல. பயம் போயிடும் சார்... சட்டைப்பையிலிருந்து எடுத்து, மடிப்பை மேசை விளிம்பில் தேய்த்து நிமிர்த்தி, கோப்பில் எல்லாவற்றுக்கும் மேலாக வைத்தேன், முதலில் இதையே காட்டுவது, அன்று நான் இல்லை என்று அவள் காதுபடச் சொல்வது, அதன் பிறகு நடுவர் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும்.

காலடி கேட்டுத் திரும்பினேன். மகள் நடைவழியில் நின்றுகொண்டிருந்தாள், முடியை இழுத்துக் கட்டியிருந்ததில் நெற்றி பெரிதாகத் தெரிந்தது, டிராப்பா, என்றாள், ஆட்டம் சமனில் முடிந்ததில் வருத்தமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கூடத்து வாசலில் நடுவர் அவளுடைய இன்றைய தாளைக் கையில் வைத்திருந்தார், எட்டத்திலிருந்தே தெரிந்தது, ஓரம் வெறுமையாக இருந்தது. அவள் இடக்கையை மூடியே வைத்திருந்தாள், நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு மெல்ல விரித்தாள், உள்ளங்கையில் நீல மையில், வியர்வையில் கலங்கி, வட்டங்கள். "தாள்ல போடலப்பா. இன்னைக்கு அஞ்சு தடவைதான் வந்தீங்க, பரவாயில்ல." இல்லம்மா, என்றேன், என் குரல் எனக்கே பொய்யாக ஒலித்தது, ஏன் அப்படி ஒலித்தது, "இன்னைக்கு நான் எந்திரிக்கவே இல்ல, இந்த நாற்காலியை விட்டு ஒரு தடவைகூட." சாட்சிக்காகத் திரும்பிப் பார்த்தேன், குரோஷா அக்காவின் நாற்காலி காலியாக இருந்தது, குறுக்கெழுத்தையும் காணோம், அவர்கள் பிள்ளைகளின் ஆட்டம் எப்போது முடிந்தது, எப்போது போனார்கள், குழாய் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் சிரிக்கவில்லை, கோபப்படவுமில்லை, சன்னல் வெளிச்சம் என் முகத்தில் விழும்படியாக ஓரடி நகர்ந்து, தலையைச் சற்றே சாய்த்து என்னைப் பார்த்தாள், பொறுமையாக, ஓரத்திலிருந்து ஓரம்வரை... அந்தச் சாய்வை அவளுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று யோசிக்கத் தேவையிருக்கவில்லை. நடுவர் கையசைத்தார், கோப்பை எடுத்துக்கொண்டேன், கலங்கரை விளக்கத்து நாள் மேலாகவே இருந்தது, அவளோடு நடைவழியில் நடந்தேன், அவர் என்ன எழுதுவாரோ, அது எனக்குத் தெரியாது, பக்கத்தில் நடந்து வருகிறவள் என் விளக்கத்துக்கு எட்டாவது கட்டத்தில் எழுதி முடித்துவிட்டது என்னவென்பது மட்டும்...