பழைய ஐஸ்

மீன்கடையில் எல்லோரும் அவனைச் செவுள் என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த மீனைக் கையில் எடுத்தாலும் புதுசுதானா என்று முதலில் செவுளைத் தூக்கிப் பார்ப்பான். அப்படிப்பட்டவன்தான் இதைச் செய்தான்.

அன்று காலை ஐஸ் மெஷின் மக்கர் செய்தது. முந்தின நாள் தட்டில் கிடந்த, ரத்தமும் வழுவழுப்பும் ஊறிய ஐஸையே அள்ளிப் புது மீன்மேல் பரப்பினான். பழைய மீனின் பாக்டீரியா உருகும் நீரோடு புது மீனில் இறங்கும் என்பது அவனுக்குத் தெரியும். குளிர் அதைக் கொல்லாது. குளிரிலேயே பெருகும் வகைகளும் உண்டு. 'ஒருநாள்தானே' என்று மனத்தின் வாயை அடைத்தான்.

அந்த மீனைத்தான் ஓய்வுபெற்ற தபால்காரர் வாங்கிப்போனார். மனைவி போனபின் தானே சமைத்துத் தனியாக வாழ்பவர். மகள் வரும் நாளுக்கென்று ஆசையாக வாங்கினார்.

விற்காத மிச்சம் மறுநாளே நாறியது. செவுள் அதை யாருக்கும் தெரியாமல் கொட்டிவிட்டான். அன்று மாலையே பெரியவர் மகளோடு வந்து நின்றார்.

"அண்ணே, நீங்களே சொல்லுங்க. ஃப்ரிட்ஜ்ல வச்ச மீன் அதுக்குள்ள கொழகொழன்னு நாறுமா? வெளியவே வச்சு மறந்துட்டு, அப்புறமா உள்ள வச்சிருக்காரு!" என்று மகள் செவுளிடம் முறையிட்டாள்.

"வந்ததும் வச்சேனேம்மா."

"நெத்தியில கண்ணாடிய வச்சுக்கிட்டு வீடெல்லாம் தேடுற ஆளு நீங்க! தனியா இருந்தது போதும்ப்பா. வீட்டக் காலி பண்ணிட்டு எங்கூட வாங்க."

பெரியவர் தலை தாழ்ந்தது. "மறந்துதான் போயிட்டேன் போல."

செவுள் ஓரக்கண்ணால் பார்த்தான். பக்கத்திலேயே மேனேஜர். வாயைத் திறந்தால் வேலை போகலாம். திறக்காவிட்டால் இந்த மனிதர் தம் புத்தியையே சந்தேகித்துக்கொண்டு மிச்ச நாளைக் கழிப்பார். கடவுளே என்று ஒருமுறை மனத்துக்குள் சொல்லிக்கொண்டான்.

"ஐயா மறக்கலம்மா. பழைய ஐஸப் புது மீன்மேல போட்டது நான்தான். இங்க மிஞ்சினதும் நாறிப்போச்சு."

மேனேஜர் முறைத்தார். மகள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

பெரியவர் மெல்ல நிமிர்ந்தார். "அப்ப நான் வச்சேன்ல தம்பி?"

"வச்சீங்கய்யா. மன்னிச்சிருங்க."

"கேட்டியாம்மா? வச்சிருக்கேன்!" என்று சிரித்தவர், மேனேஜரிடம் திரும்பினார். "இவரத் திட்டுங்க சார், வேலைய விட்டு மட்டும் அனுப்பிடாதீங்க. நான் வேற யார்கிட்ட மீன் வாங்குறது?"

செவுளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.