வடக்கிருந்த காரியாதன்

குறும்பொறை நாட்டு வேள் காரியாதனுக்கு முதுகில் புண். வேறு எங்கே பட்டிருந்தாலும் பச்சிலை வைத்துக் கட்டிவிட்டு, கள் குடித்துக் கொண்டாடியிருப்பார்கள். முதுகில் பட்டால் மட்டும் மானம் போய்விடும். போன மானம் திரும்ப வேண்டுமென்றால், வடக்கே பார்த்து உட்கார்ந்து பட்டினி கிடந்து சாக வேண்டும். நம் குலத்து வழக்கம் அப்படி. சாகிறவனைத் தவிர மற்ற எல்லோருக்கும் பிடித்த வழக்கம்.

இத்தனைக்கும் முதுகில் பாய்ந்த வேல் பகைவனுடையது அல்ல. ஆநிரை மீட்கப் போன அன்று காரியாதன் முன்னால் நின்றான், படை பின்னால் நின்றது. அதற்கும் பின்னால், வெகு பத்திரமான தூரத்தில், சித்தப்பன் மகன் பூதன் நின்றான். அவன் வீரம் பொங்கி எறிந்த வேல் பாதி வழியிலேயே களைத்துப்போய் அண்ணன் முதுகில் இறங்கிவிட்டது. நூறு பேர் பார்த்தார்கள். ஆனால் காரியாதனுக்குப் பிள்ளை இல்லை, அடுத்த வேள் பூதன்தான் என்பதால் நூறு பேர் கண்ணிலும் அன்றைக்குத் தூசி விழுந்திருந்தது.

"யாரு எறிஞ்சா என்னண்ணே, புண்ணு முதுகுலதானே இருக்கு," என்றான் பூதன், மிகுந்த துக்கத்தோடு. ஆற்று மணல்திட்டில் புல் பரப்பி இடமும் பார்த்துவைத்திருந்தான். நல்ல வெயில் விழும் இடம், சீக்கிரம் முடிந்துவிடும்.

காரியாதனுக்குச் சாக மனமே இல்லை. வயது முப்பத்தெட்டு, பசி தாங்காத உடம்பு. ஆனாலும் மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. போய் உட்கார்ந்தான்.

முதல் நாள் ஊரே வந்து அழுதது. இரண்டாம் நாள் பாதி ஊர் வந்தது. மூன்றாம் நாள் பக்கத்து ஊரில் கூத்து, இங்கே ஈ காக்கை இல்லை. புலவர் சேந்தனார் மட்டும் இருந்தார். இரங்கற்பாட்டை அவர் முதல் நாளே முடித்துவிட்டார். ஆள் செத்தால்தான் பூதனிடம் யானைப் பரிசில் வாங்கலாம். அவரும் எத்தனை நாள்தான் காத்திருப்பார், பாவம்.

பொழுது போகாமல் பாட்டைச் சொல்லிக் காட்டினார். நீரும் வேண்டாமென்று காரியாதன் மாண்டான், அவன் மனைவி கண்ணி சிரித்த முகத்தோடு தீயில் இறங்கினாள் என்று போயிற்று பாட்டு. கண்ணி அப்போதுதான் பானையும் கையுமாக வந்து நின்றாள்.

"நான் எறங்குறேன்னு உங்ககிட்ட எப்பய்யா சொன்னேன்?"

அப்படி இருந்தால்தான் பாட்டு காலத்துக்கும் நிற்கும் என்றார் புலவர். அவள் பானையைத் திறந்தாள். வரகுச் சோறும் உடும்புக் கறியும். வடக்கிருப்பது நான் இல்லையே என்று சொல்லிப் புலவர்தான் முதலில் கை நீட்டினார். அவர் மூன்றாவது கவளம் உருட்டும்போது காரியாதன் வாய்விட்டு அழுதுவிட்டான்.

"எனக்குச் சாகப் பிடிக்கல கண்ணி."

"அப்பத் தின்னுங்க. தின்னுட்டு எந்திரிங்க, போவோம்."

தின்றான். இருவரும் ஆற்றைக் கடந்தார்கள். புலவர் ஊருக்குத் திரும்பி, இருவரும் மாண்ட செய்தியை அழுதுகொண்டே அறிவித்தார். உடல் எங்கே என்று பூதன் கேட்கவேயில்லை. யானை கிடைத்தது, கல்லும் நட்டார்கள்.

பன்னிரண்டு ஆண்டு கழித்து, மலைக்கு அந்தப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் தினை காத்துப் பிழைத்துக்கொண்டிருந்தான் காரியாதன். ஊர் மன்றத்துக்கு வந்த பாணன் ஒருவன் அதே பாட்டைப் பாடினான். ஊர் கண்ணீர் விட்டது. பக்கத்திலிருந்தவன், தன் மகனுக்குக் காரியாதன் என்றே பெயர் வைத்திருப்பதாகவும், அவனும் ஒருநாள் இப்படிச் சாக வேண்டுமென்றும் சொல்லி மூக்கைச் சிந்தினான். அதைத்தான் காரியாதனால் பொறுக்க முடியவில்லை.

"அந்த ஆளு சாகலய்யா. உடும்புக் கறி தின்னுட்டு ஓடிட்டான். பிள்ளையாவது பொழைக்கட்டும், விடு."

அவ்வளவுதான். கல்லில் நிற்கிற தெய்வத்தையா பழிக்கிறாய் என்று ஊரே எழுந்து அடித்தது. பாணன் யாழைப் பத்திரமாக ஓரத்தில் வைத்துவிட்டு வந்து அடித்தான். கண்ணி குறுக்கே விழுந்திராவிட்டால் அன்றோடு கதை முடிந்திருக்கும். கடைசியில் ஊர்த்தலைவன் பெரிய மனது பண்ணினான். காரியாதன் மானத்தோடு செத்தான் என்று மூன்று முறை உரக்கச் சொன்னால் விட்டுவிடலாம் என்றான்.

சொன்னான். உயிர் வேண்டுமே.