சட்டைப் பையில் மைக்

அலுவலகத்தில் அவனுக்கு 'அப்டேட்' என்று பெயர். அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. புதிதாக ஒரு செயலி வந்துவிட்டால் அவனுக்கு மூக்கில் வியர்த்துவிடும். மற்றவர்கள் அதன் பெயரைக் கேள்விப்படுவதற்குள் அவன் அதை இறக்கி, பயன்படுத்தி, சலித்துப்போய், நீக்கியும் இருப்பான். பார்ப்பது மென்பொருள் சோதிக்கும் வேலை. அடுத்தவன் எழுதியதில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிக்கச் சம்பளம் கொடுத்தார்கள். வீட்டையும் சோதனைக்கூடமாக மாற்று என்று யாரும் சொல்லவில்லை. அதை அவனாகவே இலவசமாகச் செய்துகொண்டான்.

வீட்டில் விளக்குகள் சொன்னால் எரியும். சொன்னது அவற்றுக்குப் புரிந்தால். மனைவி மருந்துக்கடையில் நாளெல்லாம் டாக்டர்களின் கையெழுத்தோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து, இருட்டில் நின்றபடி ஹால் விளக்கைக் கெஞ்ச வேண்டும். "சுவத்துல ஒரு சுவிட்ச் இருந்தா குறைஞ்சா போயிடுவோம்?" என்பாள். தரை துடைக்கும் ரோபோ ஒன்று இருந்தது. அது கிளம்பினால் முதல் வேலையாக அப்பாவின் செருப்பைக் கட்டிலுக்கடியில் தள்ளிக்கொண்டு போய், அங்கேயே சிக்கி, உதவி கேட்டு அலறும். வீட்டில் மிச்சமிருந்த ஒரே சின்ன அறையில், பிளாஸ்டிக்கை உருக்கிப் பொருள் செய்யும் ப்ரின்டர் குடியிருந்தது. இதுவரை அது செய்ததெல்லாம் போன் வைக்கிற ஸ்டாண்டுகள்தான். சொந்தக்காரர்களில் அந்த ஸ்டாண்டு கிடைக்காதவர் யாருமில்லை. கேட்டு வாங்கியவரும் யாருமில்லை.

அறை ப்ரின்டருக்குப் போய்விட்டதால் அப்பாவுக்கு ஹாலில் கட்டில். அம்மா போன பிறகு 'கொஞ்ச நாளைக்கு' என்று ஊரிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தது. அந்தக் கொஞ்ச நாள் எவ்வளவு நாள் என்று இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. அப்பா காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். பழைய பஸ்களில் இன்ஜின் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்திலேயே கிடந்து உறுமும். அது உறுமி உறுமி இரண்டு காதையும் தின்றுவிட்டது. அவர் டிவி போட்டால் பக்கத்து வீட்டுக்காரர் அவர்கள் வீட்டு டிவியை அணைத்துவிட்டு இதையே கேட்டுக்கொள்ளலாம். அவரோடு இரண்டு வார்த்தை பேசுவதற்குள் அப்டேட்டுக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும்.

அதனால்தான் காது மெஷின் வாங்கினான். வாங்குவதென்றால் சும்மாவா? கிடைத்ததிலேயே புதியது, போனோடு சேர்ந்து வேலை செய்வது. இரைச்சலைக் குறைக்கலாம், குரலைக் கூட்டலாம், எல்லாம் போனிலிருந்தே. அன்றிலிருந்து அப்பாவின் காது அவன் கையில் மாட்டிக்கொண்டது. அவர் பாட்டுக்குச் செய்தி கேட்டுக்கொண்டிருப்பார். திடீரென்று வாசிக்கிற பெண்ணின் குரல் கீச்சென்று ஆகும், அப்புறம் கிணற்றுக்குள் போகும். அவர் திரும்பிப் பார்த்தால் மகன் சோபாவில் போனை நோண்டிக்கொண்டிருப்பான்.

"இப்ப எப்படிப்பா இருக்கு?"

"கேக்குது."

"முன்னாடிக்கு இப்ப நல்லா இருக்கா?"

"கேக்குது."

சோதனை வேலை பார்ப்பவனுக்கு இந்தப் பதில் எதற்கும் உதவாது. நல்லது கெட்டது சொன்னால்தானே அடுத்த பொத்தானைத் திருக முடியும்? அவன் எல்லாப் பொத்தானையும் திருகினான். அப்பா எல்லாவற்றுக்கும் கேக்குது என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் செயலியில் புதிய வசதி ஒன்று வந்து இறங்கியது. போனையே மைக்காக்கிவிடலாம். பேசுகிறவர் பக்கத்தில் போனை வைத்துவிட்டால், அவர் எங்கிருந்து பேசினாலும் குரல் நேராக மெஷினுக்குள் போய்விடும். அவன் அதை இயக்கி, போனை வாய்க்கருகே பிடித்து, அப்பாவின் செய்தித்தாளிலிருந்து ஒரு தலைப்பை வாசித்தான். "கேக்குது," என்றார் அப்பா. அடுத்து ஹாலுக்கு வெளியே போய் வாசித்துப் பார்க்க வேண்டும் என்று எழுந்தபோது அழைப்புமணி அடித்தது. கூரியர். கதவு திறந்தால் சொல்லும் குட்டிக் கருவி, அவன் ஒரு வாரமாக வழிமேல் விழி வைத்துக் காத்திருந்தது. போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓடினான். அட்டைப் பெட்டியைப் பிரிக்கக் கத்தி தேடிச் சமையலறைக்குப் போனான். மைக்கை அணைக்கவில்லை. அது அவன் நினைவிலேயே இல்லை.

மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி அவளிடம்தான் இருந்தது.

"மாமா எவ்வளவு நாள்தான் ஹால்லயே படுப்பார்?" என்றாள். "நேத்து நான் வேலைக்குப் போய்ட்டு வர்ற வரைக்கும் தூக்கம் வந்தும் உக்காந்தே இருந்திருக்கார். அந்த ரூமைக் காலி பண்ணிக் குடுத்துடலாங்க."

"ப்ரின்டரை எங்க வைக்கிறது?"

"என் தலையில வைங்க."

அவன் பெட்டியின் ஒட்டுநாடாவைப் பல்லால் கடித்து இழுத்தான். "அவர் என்ன, இங்கயேவா இருக்கப் போறார்? காது கேக்கலை, தனியா விட முடியலைன்னுதானே கூட்டிட்டு வந்தோம். காது கேட்டா தனியா இருந்துக்குவார்ல? மெஷின் வாங்கினதே அதுக்குத்தான். கொஞ்சம் பழகிட்டார்னா அடுத்த மாசம் கொண்டுபோய் விட்டுடலாம். என்னால இப்படிக் காலம் பூரா கத்திட்டு இருக்க முடியாது. நம்ம வீட்ல நாம நிம்மதியா இருக்க முடியலை."

வெங்காயம் நறுக்குவது நின்றது. "இதை அவர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்லிக்கலாம். இப்ப என்ன அவசரம்?"

புதுக் கருவியைப் போனோடு இணைக்க வேண்டும். பையிலிருந்து போனை எடுத்தான். திரையின் மேல்மூலையில் பச்சை நிறத்தில் ஒரு மைக் படம் மினுக் மினுக்கென்று மினுக்கிக்கொண்டிருந்தது. பெட்டியை அங்கேயே போட்டுவிட்டு ஓடினான்.

ஹாலில் அப்பா செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தார். அவன் தலைப்பு வாசித்தானே, அதே பக்கம். இன்னும் திருப்பவில்லை. அவன் வந்து நின்றதும் தாளை மடித்தார்.

"அந்த போன்லயே ரயில் டிக்கெட் போடலாம்னு சொன்னியே. ஊருக்கு எனக்கு ஒண்ணு போட்டுக் குடு. நாளைக்குக் கிடைச்சாலும் சரி."

"என்னப்பா திடீர்னு?"

"செடிக்கு யார் தண்ணி ஊத்துறா? எல்லாம் காஞ்சு கிடக்கும்." சொல்லிவிட்டு, இரண்டு மெஷினையும் கழற்றி மேசைமேல் இருந்த பெட்டியில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

செடிக்காகக் கேட்கிறாரா, கேட்டதனால் கேட்கிறாரா? வேறு ஒருவனாக இருந்தால் அப்பாவிடமே கேட்டிருப்பான். அப்டேட் போனிடம் கேட்டான். இந்த மைக் எவ்வளவு தூரம் எட்டும்? சுவர் இருந்தால்? பாதித் திறந்த கதவு இருந்தால்? பயனர் குழுக்களில் போய்ப் படித்தான். சுவர் இருந்தால் விட்டுவிட்டுக் கேட்கும் என்று ஒருவர் எழுதியிருந்தார். உயிர் வந்தது. பக்கத்து வீடு வரைக்கும் கேட்கிறது என்று இன்னொருவர் புளகாங்கிதப்பட்டிருந்தார். உயிர் போனது. செயற்கை நுண்ணறிவிடம் கேட்டான். அது பல காரணிகளைப் பொறுத்தது என்று பணிவாகச் சொன்னது. உட்கார்ந்தான், எழுந்தான், ஜன்னல் வரைக்கும் போய்த் திரும்பினான். அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

கடைசியில் தனக்குத் தெரிந்த வேலைக்கே வந்தான். ஒரு குறை உண்மைதானா என்று தெரிய, அதே நிலைமையில் மறுபடி நிகழ்த்திப் பார்க்க வேண்டும். குளியலறையில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. மெஷின்களை எடுத்துத் தன் காதில் மாட்டிக்கொண்டான். போனை மனைவியிடம் கொடுத்து, அதே இடத்தில் நின்று மெதுவாக ஏதாவது பேசு என்றான்.

"எதுக்கு?"

"சும்மா பேசேன்."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள். மருந்துச் சீட்டே புரிகிறவளுக்கு இது புரியாதா? போனோடு உள்ளே போனாள்.

அவன் அப்பாவின் கட்டிலில் உட்கார்ந்து, செய்தித்தாளையும் விரித்துப் பிடித்துக்கொண்டான். முதலில் அடுப்பின் சீறல் கேட்டது. பிறகு மனைவியின் மூச்சு. பிறகு அவள் குரல், பக்கத்தில் உட்கார்ந்து காதோடு பேசுவதுபோல.

"மனுஷன் எல்லாத்தையும் கேட்டிருப்பார். நீங்க பல்லால டேப்பைக் கிழிச்சதுகூடக் கேட்டிருக்கும். போதுமா உங்க டெஸ்ட்?"

ஒரு எழுத்து விடாமல் கேட்டது. இத்தனை நாள் அவன் திருகிய எந்தப் பொத்தானிலும் வராத தெளிவு. தான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அப்பாவின் காதுக்குள் எப்படி இறங்கியிருக்கும் என்று இப்போது அவனுக்குத் தெரிந்தது. கொண்டுபோய் விட்டுடலாம். பழைய சாமானைச் சொல்வதுபோலச் சொல்லியிருந்தான்.

குளியலறைத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டதும் மெஷின்களைப் பிடுங்கிச் செய்தித்தாள்மேல் போட்டுவிட்டு, மனைவியிடமிருந்து போனை வாங்கிக்கொண்டு பால்கனிக்கு ஓடினான். கண்ணாடிக் கதவு வழியே பார்த்தான். அப்பா தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். அவனுக்கு முதுகைக் காட்டி, கட்டிலுக்கடியில் இருந்த பையை இழுத்து, ரோபோ உள்ளே தள்ளியிருந்த செருப்பையும் எடுத்து, சட்டைகளை அடுக்க ஆரம்பித்தார். குளித்துவிட்டு வந்தால் முதலில் மெஷினை மாட்டிக்கொள்ள வேண்டும் என்று அவன்தான் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். மாட்டியிருப்பார்.

நேரில் போய்ச் சொல்ல அவனுக்குத் தைரியமில்லை. திரையில் பச்சை மைக் மினுக்கிக்கொண்டுதான் இருந்தது. அதை வாய்க்கருகே பிடித்தான்.

"அப்பா, திரும்பாதீங்க, அப்படியே கேளுங்க. கிச்சன்ல நான் பேசினது..." என்று ஆரம்பித்தவன் நிறையப் பேசினான். வேலையில் நெருக்கடி என்றான். தூக்கமில்லை என்றான். அம்மா இல்லாத வீட்டில் அவரைத் தனியாக விட்டுவிடும் எண்ணமே கிடையாது என்றும், அந்த எண்ணம் ஏன் வந்தது என்றும் ஒரே மூச்சில் விளக்கினான். நன்றாகத்தான் பேசினான். பாதியில் அழுதும் விட்டான். அப்பா ஒரு சட்டையை எடுத்து, உதறி, மடித்து வைத்தார். அப்புறம் இன்னொன்று. அவர் கை ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. இவ்வளவு கோபமா என்று அவனுக்குப் பகீரென்றது.

உள்ளே போனான். செய்தித்தாள்மேல் இரண்டு மெஷின்களும் அவன் போட்ட இடத்திலேயே கிடந்து கீச் கீச்சென்று கத்திக்கொண்டிருந்தன. அவன் விட்ட கண்ணீரையெல்லாம் செய்தித்தாள்தான் கேட்டிருக்கிறது.

அப்பா நிமிர்ந்தார். "டிக்கெட் போட்டியா?"

"அப்பா, நான் சொன்னது தப்பு."

"என்னது?"

"நான் சொன்னது தப்புப்பா!"

அவர் காதுக்குப் பின்னால் கையைக் குவித்தார். மெஷின்கள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தன. அவர் எடுக்கவில்லை. எடுத்துக் கொடுக்க அவனுக்கும் கை வரவில்லை.

"தப்பு! நான் சொன்னது தப்பு! நீங்க போக வேண்டாம்!"

கத்தும்போது வேலை நெருக்கடியையும் தூக்கத்தையும் சேர்த்துக் கத்த முடியவில்லை. இவ்வளவுதான் வந்தது. பக்கத்து வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. மனைவி சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

அப்பா கட்டிலில் உட்கார்ந்தார். "எப்பப் பாத்தாலும் கேப்பியே, எப்படி இருக்கு எப்படி இருக்குன்னு. இன்னிக்குத்தாம்ப்பா ஒரு வார்த்தை விடாம கேட்டுது. நல்ல மெஷின்."

அவன் தரையில், அவர் காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். அவர் அவனைத் தொடவில்லை. திட்டவும் இல்லை. பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

"டிக்கெட்டைப் போடு. செடி காயறது நிஜம்தான்."

அவன் ரயில் செயலியைத் திறந்தான். மறுநாள் ரயிலில், அவர் ஏறுவதற்குக் கஷ்டப்படாமல் கீழ்ப் படுக்கை கிடைத்தது. திரையைத் திருப்பிக் காட்டினான். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"திரும்பி வர்றதுக்கும் இதுலயே போடலாமா?"

அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

"அப்ப அதையும் போடு."

எந்தத் தேதிக்கு என்று அவன் சைகையில் கேட்டான். அப்பா போனிலிருந்து கண்ணை எடுத்து அவனைப் பார்த்தார்.

"அதை நீதான் சொல்லணும்."

திரையில் மாதம் முழுவதும் விரிந்து கிடந்தது. அவன் அடுத்த மாதத்துக்குப் போகவில்லை. முதலில் கண்ணில் பட்ட ரயிலை அழுத்தினான். பிறகு, மெஷின்கள் செய்தித்தாள்மேலேயே கிடக்க, பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால் கேட்டுக்கொள்ளட்டும் என்று, தொண்டை கிழியக் கத்தினான்.

"இந்த வெள்ளிக்கிழமைக்கு! ரூமைக் காலி பண்ணி வைக்கிறேன்! வெள்ளிக்கிழமை வந்துடணும்!"

அப்பா கண்ணாடியைக் கழற்றி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"கேக்குது," என்றார்.