அம்பு ஒட்டிய பனியன்கள்

1

இப்போதெல்லாம் யாரும் எதையும் முழுசாகப் பார்ப்பதில்லை. போனில் படம் பாதி திறப்பதற்குள் ‘சூப்பர்’ என்று அனுப்பிவிடுகிறார்கள். நான் வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் மாஸ்டர். பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். படித்தது ஐந்தாவது. இந்தக் கதையை எழுதச் சொன்னது என் மகள் ரோஸ்மேரி. “யப்பா, டீக்கடையில பொலம்புறத அப்படியே எழுதுங்க” என்றாள். சொன்னவளே கதையிலும் வருகிறாள். அதனால் இதில் யாரையும் நம்ப வேண்டாம்.

2

முதல் தொடக்கம்: ‘ஓர் அழகிய காலைப் பொழுதில்’— வேண்டாம். சாய நாற்றத்தில் என்ன அழகு.

(பழுது உள்ள துணியில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவோம். அந்த வரிக்கு ஒன்று.)

இரண்டாவது: ரோஸ்மேரி பத்து வருஷம் மெர்ச்சண்டைசர். துணி வாங்கும் பையர் திட்டுவதைக் கம்பெனிக்கும், கம்பெனி சொல்லும் சாக்கைப் பையருக்கும் கொண்டுபோகிற வேலை. அதை விட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் புரோகிராம் படித்தாள். அதுவும் ஊர் உலகத்தைப் போல ஆபீஸ் வேலைக்கு இல்லை. இவள் எழுதும் புரோகிராம் தானாகப் படம் வரைய வேண்டுமாம். நான் சும்மா இருப்பேனா? கடைசியில் அவளே சொன்னாள்: “இந்த மொத ஆர்டர் தேறலன்னா பழைய மெர்ச்சண்டைசர் சீட்டுக்கே போயிருதேன்.”

இது பரவாயில்லை. ஓடட்டும்.

3

அந்த ஆர்டர், புரோகிராம் வரைந்த படம் பனியனில் ஏறி, எங்கள் கம்பெனியிலேயே பிரிண்ட் ஆகி என் மேஜைக்கு வந்தது. எப்படி இருக்க வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. செக்கிங் கருத்தம்மா இரண்டு பனியனை விரித்தாள்.

“அண்ணாச்சி, இதுல அலை இந்தப் பக்கம் வளையுது, அதுல அந்தப் பக்கம். ஒன்னுக்கொன்னு சேரலியே!”

மூன்றாவதும் வேறு.

“மகளா இருந்தா என்ன, ஒட்டு அம்பை” என்றேன்.

(கதையில் வரும் அப்பன் இங்கே கலங்க வேண்டும். நான் கலங்கவில்லை. கடைசிப் பனியனுக்கு ஒட்டும்போதுதான் பழைய சீட்டு ஞாபகம் வந்தது.)

முதலாளி வந்தார். “ஏனுங்க மாஸ்டர், ஒன்னுகூடத் தேறலீங்களா?”

பின்னாலேயே ரோஸ்மேரி. மேஜை முழுக்கச் சிவப்பு. அழுவாள் என்று நினைத்தேன். சிரித்தாள்.

“ஒவ்வொன்னும் வேற மாதிரி வரணும்னுதான் பெங்களூர் பையர் கேட்டிருக்காரு. புரோகிராம் ஒவ்வொரு தடவையும் புதுசா வரையும். மெயில் போட்டேனே சார்?”

“வந்துச்சுங்க. சூப்பர்னு போட்டுட்டனுங்க” என்றார் முதலாளி.

“அப்போ நான் எதை வச்சுப் பாக்க?” என்றேன்.

“ரெண்டு ஒன்னுபோல இருந்தா அதான் ரிஜெக்ட், யப்பா.”

4

அம்பைப் பிய்த்துக்கொண்டே தேடினோம். ஒரு ஜோடி அகப்பட்டால் போதும், ஆர்டர் திரும்பிவிடும். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன்.

முடிவு ஒன்று: ஜோடி கிடைத்தது. ரோஸ்மேரி பழைய சீட்டில் போய்— எழுதிப் பார்த்தேன். கை ஓடவில்லை. அம்பு.

முடிவு இரண்டு: கிடைக்கவில்லை. பெட்டி கட்டி லாரி ஏறியது. பையர் அடுத்த ஆர்டரும் கொடுத்தார். நடந்தது இதுதான். அன்று மத்தியானம் சோற்றை இரண்டாம் தடவை கேட்டு வாங்கித் தின்றேன்.

ஆனாலும் மிஷின் மிஷின்தான். என்றைக்காவது அலுத்துப்போய், போட்டதையே போடும்.

மீந்த பனியன் ஒன்றை எனக்குக் கொடுத்தாள். அதைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

“கதை முடிஞ்சிதாப்பா?”

“செக்கிங் முடியல.”

மீந்த பனியன்களை விற்கும் காதர்பேட்டைக்குக் கிளம்பிவிட்டேன். எதிரே வருகிறவர்கள் நெஞ்சைப் பார்த்துக்கொண்டே நடக்கப்போகிறேன். இதே பனியனில் ஒருவன் வருவானா, மாட்டானா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

வருவான்.