சாவி தொடாத இருபத்து மூன்று நாள்

"நான் வர்ற வரைக்கும் சாவியைக்கூடத் தொடாதீங்க சார். எஞ்சின் நல்லா ஆறிக் கிடக்கணும். முதல் சத்தத்துலதான் உண்மை வெளிய வரும்."

ஃபோனில் பேசிக்கொண்டே அவள் கணவன் பொங்கி வந்த பாலை ஊதி அடக்கினான். காலண்டர் தாளின் பின்பக்கம் எதையோ குறித்து, மடித்து, ஃபோன் உறைக்குள் செருகினான். இடது தோளைத் தேய்த்துக்கொண்டான்.

"என்ன?" என்றாள் அவள்.

"ஒண்ணுமில்ல. நேத்து ஜீப்பைத் தள்ளினது."

தண்ணீர்த் தொட்டி நிரம்பிவிட்டதா என்று பார்க்க மாடிக்குப் போனான். பால் ஆறி ஆடை கட்டிய பிறகும் இறங்கி வரவில்லை.

மாரடைப்பு என்றார்கள். நாற்பத்து நான்கு வயது.

அவள் கால்நடை மருத்துவர். பதினான்கு வருடமாக மலைப்பக்கத்துப் பண்ணைகளுக்கு அவள் வைத்தியத்துக்குப் போக, அவன்தான் வண்டி ஓட்டினான். மாடு முரண்டு பிடித்தால் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டான், கன்று சிக்கிக்கொண்டால் கூட நின்று இழுத்தான். அவர்களுடைய ஜீப் ஒரேயடியாகக் கைவிரித்த பிறகு அவன் தேடிப் பிடித்ததுதான் இந்த வண்டி. ஏழு பேர் உட்காரக்கூடிய உயரமான டீசல் வண்டி, நாலு சக்கரமும் இழுக்கும், மூன்று லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. அதைப் பார்க்கப் போவதாக இருந்த அன்றைக்குத்தான் அவன் மாடியேறினான்.

இப்போது ஓட்ட ஆளும் இல்லை, வண்டியும் இல்லை. பால் பரிசோதனைக்கூடம் ஒன்றில் வேலை தருவதாகக் கடிதம் வந்திருந்தது. நாற்காலி, மேசை, மாதிரிக் குப்பிகள். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"கண்ணை மூடிக்கிட்டுச் சரின்னு சொல்லு," என்றார் அண்ணன். "தனியா மலையேறி என்ன சாதிக்கப்போற?"

அவளுக்கும் ஏறக்குறைய அந்த முடிவுதான். யாருக்காவது சேதி சொல்லாமல் விட்டிருக்கிறதா என்று பார்க்க வெள்ளிக்கிழமை அவனுடைய ஃபோனுக்குச் சார்ஜ் போட்டாள். ஒன்பது அழைப்புகள், எல்லாம் 'சர்வேயர் வண்டி' என்ற பெயரில், வண்டியை விற்க இருந்தவரிடமிருந்து. வண்டி வேண்டாம் என்பதை ஃபோனில் சொல்ல வாய் வரவில்லை. நேரில் போய் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்று மறுநாள் காலை அண்ணனோடு அவருடைய காரில் கிளம்பினாள்.

சர்வேயர் வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு வண்டி நின்றது. கண்ணாடியெல்லாம் தூசி. பானட்டின் மேல் ஒரு பூனை நடந்துபோன தடம் தெளிவாக இருந்தது.

கதவைத் திறந்த சர்வேயரின் மனைவி வண்டி விஷயமாக வந்திருக்கிறார்கள் என்றதும் பொரிந்து தள்ளினார். "அந்த 'தொடாதீங்க' ஆளு வீட்டுலருந்தா? வாங்கம்மா, நல்ல நேரம் பாத்து வந்தீங்க! மூணு வாரமா இந்த மனுஷன் அளவுச் சங்கிலியைத் தோள்ல போட்டுக்கிட்டு பஸ்ல தொங்கிட்டுப் போறாரு. வண்டியை எடுங்கன்னா 'வாக்குக் கொடுத்துட்டேன்'ங்கிறாரு. கல்யாணத்துல எனக்குக் கொடுத்த வாக்கைக்கூட இப்படிக் காப்பாத்தல. எங்க அவரு? நாலு வார்த்தை நான் கேக்கணும்."

அவள் சொன்னாள். சுருக்கமாகத்தான் சொன்னாள்.

அந்த அம்மாள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பின்னால் வந்து நின்ற சர்வேயர், ஒல்லியான மனிதர், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

"எத்தனை தடவை ஃபோன் போட்டேன்... எடுக்கலையேன்னு கோபம்கூட வந்ததும்மா. வேற மூணு பேர் கேட்டாங்க. அவர் வந்து பாக்கட்டும்னு நிறுத்தி வச்சேன்."

"நீங்க ஒரு தடவைகூட ஸ்டார்ட் பண்ணலையா?"

"தொடாதீங்கன்னாரே. அளவு எடுக்கிறவன், சொன்ன இடத்துல நிக்கலேன்னா எப்படி? அதான் இப்ப பேட்டரி செ..." சட்டென்று நிறுத்தினார்.

"செத்துப்போச்சா?" என்று அவளே முடித்தாள். "சொல்லுங்க சார். பேட்டரிக்கு அந்த வார்த்தைதானே."

அண்ணன் அவள் முழங்கையைத் தொட்டார். "சொல்ல வந்ததைச் சொல்லிட்ட. கிளம்பலாம்மா. மூணு லட்சம் கிலோமீட்டர்! நிலாவுக்குக் கிளம்பி முக்கால் தூரம் ஓடின வண்டி. மிச்ச தூரத்துக்கு உன்னை ஏத்திக்கலாம்னு பாக்குது."

அவள் நகரவில்லை. பூனைத் தடத்துக்குப் பக்கத்தில் பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்தாள். கல் மாதிரிக் குளிர்ந்திருந்தது. அவன் கேட்டதைவிட இருபத்து மூன்று நாள் கூடுதலாக ஆறியிருந்தது.

"அண்ணா, கார்ல ஒயர் இருக்கா?"

"இருக்கு. எதுக்கு?"

"சத்தத்தை மட்டும் கேட்டுட்டு வந்துடறேன்."

அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே காரைப் பக்கத்தில் நிறுத்தி இரண்டு பேட்டரிகளையும் இணைத்தார். சர்வேயர் சாவியைத் திருப்பினார். முதல் தடவை வெறும் முனகல். இரண்டாவது தடவை ஒரு இருமல். மூன்றாவது தடவை வண்டி உடம்பெல்லாம் குலுங்க எழுந்தது. வெள்ளைப் புகை கொஞ்சம் வந்தது, பிறகு நின்றது.

மருந்துப் பையை வீட்டில் வைத்துவிட்டு வர அவளுக்குப் பழக்கமில்லை. ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துக் காதில் மாட்டி, திறந்த பானட்டுக்குள் குனிந்தாள். அவளுடைய பழைய ஸ்டெதாஸ்கோப்பை அவன் ஜீப்புக்கு வைத்திருந்தான். இப்படித்தான் குனிந்து நிற்பான். அவள் கிண்டல் செய்வாள். எத்தனையோ ஆயிரம் மாடுகளுக்கு வைத்துப் பார்த்தவள், அவன் நெஞ்சில் ஒரு நாளும் வைத்ததில்லை.

நாலு சிலிண்டர். ஒவ்வொன்றின் மேலும் வைத்து நிதானமாகக் கேட்டாள். முதல் இரண்டும் நாலாவதும் சீராக இருந்தன. திரும்பவும் மூன்றாவதுக்கு வந்தாள்.

"மூணாவது மட்டும் கரகரங்குது."

சர்வேயரின் முகம் மலர்ந்தது. "ஆமாம்மா! ஒரு வருஷமா அப்படித்தான். அவர்கிட்டயும் அதை மறைக்கல."

"பாத்தியா, கோளாறு!" என்றார் அண்ணன்.

"இது இருக்குன்னு சொல்ற கோளாறு அண்ணா. இதுக்கு வைத்தியம் பாத்துடலாம். ஒண்ணுமில்லன்னு சொல்றதைத்தான்..."

ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றிச் சுருட்டினாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. சூடு ஏற ஏறக் கடகடப்பு தணிந்து, அசைபோடும் மாட்டின் வயிறு மாதிரி ஒரே தாளத்துக்கு வந்தது.

"சார், திங்கக்கிழமை காலைல மலைல ரெண்டு பண்ணை பாக்கி இருக்கு. அதுக்குள்ள புது பேட்டரி போட்டுத் தருவீங்களா?"

"நாளைக்கே போட்டுடறேன்."

"நீ ஓட்டுவியா?" என்றார் அண்ணன். "அந்த மலைல?"

"லைசென்ஸ் வாங்கி இருபது வருஷமாச்சு. அவர் ஓட்ட விட்டதில்ல, நான் கேட்டதுமில்ல."

"அப்போ அந்த வேலை?"

"திங்கக்கிழமை பதில் எழுதணும்ல, எழுதிடறேன். இப்ப முன்னாடி உக்காரு. தெருமுனை வரைக்கும் போய்ட்டு வரலாம். பயமா இருந்தா பின்னாடி உக்காரு."

அண்ணன் ஒயரைக் கழற்றி, பானட்டை மூடிவிட்டு, முன்னால்தான் உட்கார்ந்தார். பெல்ட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டார்.

அவள் ஏறி, இருக்கையை முன்னால் தள்ளி, கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினாள். கியரைத் தொடுவதற்கு முன், பையில் கொண்டுவந்திருந்த அவனுடைய ஃபோனின் உறைக்குள்ளிருந்து காலண்டர் தாளை எடுத்துப் பிரித்தாள். சர்வேயர் ஃபோனில் சொல்லச் சொல்ல அவன் எழுதியது ஒரே ஒரு எண்தான்: 3,16,482.

அவள் தலை தூக்கி மீட்டரைப் பார்த்தாள். 3,16,482.